சொல்வதா, வேண்டாமா? – ஒரு பொருளாளரின் கணக்கு

இரண்டாம் ஆண்டில் நான் நம் கழகத்தின் பொருளாளராக இருந்தேன். கலை இரவுக்கு மூன்று வாரங்களே இருந்தன. இரவு எட்டு மணிக்குப் புல அறையில் செயலவைக் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். ஏழே முக்காலுக்குப் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது: அறை கிடைக்கவில்லை, கேன்டீனுக்கு வந்துவிடுங்கள்.

போனேன். தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது. பழச்சாறு அரைக்கும் இயந்திரம் ஓடியது. தொலைக்காட்சியில் காற்பந்து. பக்கத்துத் திடலில் உறுமி மேளக் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. நான் கணக்குத் தாளைப் பிரித்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று கேள்விகள் கேட்டார்கள். அவர்கள் வாய் அசைவது தெரிந்தது. சொற்கள் மட்டும் வந்து சேரவில்லை. கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து நடந்தேன். விடுதி அறைக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கழகத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "கணக்கு கேட்டதற்கு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம்." ஒரு பொருளாளரைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் கிளம்பினால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கணக்கு கடைசி சென் வரைக்கும் சரியாக இருந்தது. ஆனால் நான் ஏன் எழுந்து போனேன் என்பதை மட்டும் என்னால் விளக்க முடியவில்லை. காரணம் அப்போது எனக்கே தெரியாது.

நான்கு மாதங்கள் கழித்துத் தெரிந்தது. பல்கலைக்கழக ஆலோசகர் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். சில வாரங்கள் நீடித்த நேர்காணல்களுக்கும் சோதனைகளுக்கும் பிறகு, எனக்கு ஆட்டிசம் இருப்பதாக அவர் உறுதி செய்தார். அப்போது எனக்கு வயது 21. பல ஆண்டுக் கேள்விகளுக்கு அன்று விடை கிடைத்தது. வாசலைத் தாண்டுவதற்குள் புதிய கேள்வி ஒன்று முளைத்தது: இதை யாரிடமாவது சொல்வதா, வேண்டாமா? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஆட்டிசம் என்பது

நம்மில் பலர் ஆட்டிசம் என்றதும் பேசாத ஒரு சிறுவனைத்தான் நினைக்கிறோம். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய மருத்துவப் புரிதல் தொடங்குகிறது. எனவே 'குழந்தை' என்ற படிமம் அதோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்வார்கள் அல்லவா? சிலர் பல்கலைக்கழகத்துக்கும் வருவார்கள்.

ஆட்டிசம் ஒரு நோயன்று. மூளை வளர்ச்சியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறையிலும், ஒரே ஒழுங்கை நாடும் இயல்பிலும், ஒலி, ஒளி, தொடுகை போன்ற புலனுணர்வுகளிலும் அது வெளிப்படும். ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் துணை தேவைப்படலாம். இன்னொருவர் பட்டம் பெற்று வேலைக்கும் போகலாம். முன்பு ஆஸ்பெர்கர் என்று தனிப்பெயர் பெற்றிருந்த நிலையும், 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இந்த ஒரே பெயருக்குள் சேர்க்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் விரிவுரை மண்டபம் ஒன்றில் 250 பேர் உட்கார்ந்தால் அவர்களில் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்னை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை? நம் வீடுகளில் அதிகம் பேசாத பெண் பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர் 'அடக்கமான பொண்ணு'. விருந்தினர் வந்தால் அறைக்குள் போய்விடுவேன்; 'கூச்சம்' என்றார்கள். பேருந்து எண்களையும் நேரங்களையும் மனப்பாடமாக ஒப்பிப்பேன்; 'மூளைக்காரி' என்றார்கள். பள்ளியில் மற்ற பெண்கள் எப்போது சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்கிறார்கள் என்று கவனித்து அப்படியே செய்து பழகினேன். ஆய்வாளர்கள் இதை 'மறைத்து நடத்தல்' என்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குச் செலவாகும் உழைப்பு மாலையில் வீடு திரும்பிய பிறகுதான் தெரியும்.

தெரியாததுதான் சிக்கல்

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் சமூக இழுக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் இரு வகையினரைப் பிரித்துக் காட்டுகிறார். பார்த்தவுடனேயே பிறருக்குத் தெரிந்துவிடும் வேறுபாடு உடையவர்கள் ஒரு வகை; தெரியாமல் இருந்து, எப்போது வேண்டுமானாலும் தெரியவரக்கூடியவர்கள் மறு வகை. முதல் வகையினர் பிறரின் பார்வையைச் சமாளிக்க வேண்டும். இரண்டாம் வகையினர் தகவலைச் சமாளிக்க வேண்டும்: யாரிடம், எப்போது, எவ்வளவு?

சக்கர நாற்காலியில் வருபவரிடம் 'சொல்வதா, வேண்டாமா' என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு வேறு சுமைகள் உண்டு. இந்தச் சுமை இல்லை. எனக்கோ ஒவ்வொரு புது அறிமுகத்திலும் இக்கேள்வி எழுகிறது. சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. சொல்லாவிட்டால் என் செயலுக்குப் பிறர் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அது பெரும்பாலும் 'திமிர்' என்ற காரணமாகவே இருக்கும்.

மூன்று பேரிடம் சொன்னேன்

பல்கலைக்கழகத்தில் இருந்தவரை நான் மூன்று பேரிடம் சொன்னேன். மூன்றும் மூன்று விதமாக முடிந்தன.

முதலாவது, என் அறைத்தோழி. நான் சொல்லி முடித்ததும் அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சரி, நான் என்னா செய்யணும்?" என்று கேட்டாள். கூட்ட இடம் மாறினால் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொன்னேன். அதன் பிறகு பட்டம் பெறும் வரையில் எந்த மாற்றமானாலும் அவளிடமிருந்துதான் முதல் செய்தி வரும். அவ்வளவுதான். அதற்குமேல் எங்கள் நட்பில் எதுவும் மாறவில்லை.

இரண்டாவது, ஒரு விரிவுரையாளர். குழுப் படைப்பின்போது கேள்விகளை எழுத்தில் தர முடியுமா என்று கேட்கப் போனேன். காரணத்தையும் சொன்னேன். அவர் அன்பாகச் சிரித்து, "எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அப்படித்தாம்மா இருக்கும். தைரியமா பேசு, சரியாயிரும்" என்றார். அவர் என்னைத் தேற்றத்தான் நினைத்தார். ஆனால் நான் கேட்கப் போனது தேறுதலை அன்று, எழுதிய கேள்விகளை. அது கிடைக்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கழகத்தில் நான் மதித்த ஓர் அண்ணன். அந்தக் கேன்டீன் கூட்டத்தில் என்ன நடந்தது என்று அவருக்காவது தெரியட்டும் என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். ஒரு வாரத்தில் செயலவை முழுவதற்கும் தெரிந்திருந்தது. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. மாறாக எல்லாரும் மிக மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். அடுத்த தவணைக்கான பொறுப்புகள் பிரிக்கப்பட்டபோது என் பெயர் எதிலும் இல்லை. "உனக்கு எதுக்கும்மா இந்தச் சுமை? நிம்மதியா படி" என்றார் அண்ணன். எனக்குக் கணக்கு எழுதுவது சுமையே இல்லை. அந்த வாரத்தில் என்னை அமைதிப்படுத்திய ஒரே வேலை அதுதான். என் மீது விழுந்த சந்தேகத்தை நீக்கவே நான் சொன்னேன். சந்தேகம் போயிற்று, கூடவே பொறுப்பும் போயிற்று.

அண்ணன் கெட்டவர் அல்லர். ஒரு பெயரைக் கேட்டதும் அதைப் பற்றித் தமக்கு முன்பே தெரிந்ததை எடுத்து என் மேல் போர்த்திவிட்டார். அவ்வளவே.

ஆய்வுகள் காட்டுவது

என் அனுபவம் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது முறையாகாது. 2017-இல் அமெரிக்காவில் நோவா சாசன் தலைமையிலான குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில விநாடிப் பதிவுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, இவரோடு பழக விரும்புவீர்களா என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கிடைத்த மதிப்பெண் குறைவாக இருந்தது. பார்வையாளர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. சில விநாடிகளே போதுமாயிருந்தன. ஆனால் அதே பேச்சை எழுத்தில் மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, அவர்கள் சொன்ன கருத்தில் குறை இல்லை. குரலும் முகமும் உடலும் எதிர்பார்த்தபடி இல்லாததே குறையாகத் தெரிந்தது.

சாசனும் அவருடைய சகாக்களும் அடுத்துச் செய்த ஆய்வில், பேசுபவருக்கு ஆட்டிசம் உண்டு என்று முன்கூட்டியே சொன்னபோது பார்வையாளர்களின் மதிப்பீடு உயர்ந்தது. ஆட்டிசத்தைப் பற்றி ஏற்கெனவே நன்கு அறிந்தவர்கள் இன்னும் சாதகமாக மதிப்பிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இரண்டு. மறைப்பதால் நாம் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஏதோ வேறுபாடு இருப்பதைப் பிறர் எப்படியும் உணர்கிறார்கள். அதே வேளையில், சொல்வதன் பயன் கேட்பவரின் அறிவைப் பொறுத்தது. என் தோழிக்கும் அந்த அண்ணனுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அன்பின் அளவில் இல்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் மில்டன் தாமே ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் தவறும்போது அது ஒரு பக்கத்துக் குறை அன்று, இரு பக்கமும் ஒன்றையொன்று படிக்கத் தவறுவதே என்று அவர் 2012-இல் எழுதினார். கேன்டீனில் எனக்கு அவர்களைப் புரியவில்லை என்பது உண்மை. அவர்களுக்கும் என்னைப் புரியவில்லை என்பதும் உண்மைதானே?

அட்டையும் சட்டமும்

நம் நாட்டில் 'சொல்வது' என்பதற்கு ஓர் அதிகாரபூர்வ வடிவமும் உண்டு. அதுதான் சமூக நல இலாகா வழங்கும் ஓ.கே.யூ. அட்டை. மருத்துவச் சான்றோடு பதிந்துகொள்ளலாம். பதிவு கட்டாயமன்று, விருப்பத்தைப் பொறுத்தது. பதிவுக்கு ஏழு பிரிவுகள் உள்ளன. ஆட்டிசம் அவற்றுள் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் சேர்கிறது. படிப்பில் ஒருபோதும் பின்தங்காத எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. ஆனால் பொதுப் போக்குவரத்தில் சலுகை, அரசு மருத்துவமனைக் கட்டண விலக்கு, உயர்கல்வி மாணவர்களுக்கான நிதியுதவி போன்றவற்றுக்கு அந்த அட்டைதான் திறவுகோல். பொதுச் சேவையில் 1 விழுக்காட்டு வேலை வாய்ப்பை உடற்குறையுள்ளோருக்கு ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையும் 2008-இல் வெளிவந்தது.

அதே 2008-இல்தான் உடற்குறையுள்ளோர் சட்டம், அதாவது 685-ஆம் சட்டம், இயற்றப்பட்டது. கல்வியிலும் வேலையிலும் சமமான அணுகலை அது உரிமையாகக் குறிப்பிடுகிறது. ஆனால் இயற்றப்பட்ட வடிவில், பாகுபாடு காட்டுபவருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடை செய்யும்போது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உடற்குறையை அந்தப் பட்டியலில் காணோம். எனவே வேலை நேர்காணலில் சொல்வதற்கு முன் ஒருவர் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அது விவேகமாகவும் இருக்கலாம்.

ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல, மனநலத் தகவல்களை மற்றத் தகவல்களைவிடக் கவனமாகக் கையாள வேண்டியவையாக வகைப்படுத்துகிறது. தனியார் நிறுவனத்திடம் நீங்கள் கொடுக்கும் மருத்துவக் கடிதத்தைப் பொதுவாக உங்கள் வெளிப்படையான ஒப்புதலோடுதான் கையாள வேண்டும். மத்திய, மாநில அரசுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் அட்டை எடுத்தேன். அது என் பணப்பையில் இருக்கிறது. எல்லாரிடமும் அதைக் காட்டுவதில்லை.

பெயருக்கு முன் தேவை

பட்டம் பெற்றுக் கணக்காய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் பழைய தவற்றைத் திரும்பச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்போது கற்றுக்கொண்டதை இப்படிச் சுருக்கலாம்.

முதலாவதாக, 'எதற்காகச் சொல்கிறேன்' என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஓர் உதவி வேண்டியா? ஒரு தப்பெண்ணத்தைத் திருத்தவா? மனம்விட்டுப் பேசவா? மூன்றும் நியாயமானவையே. ஆனால் மூன்றுக்கும் ஏற்ற ஆள் ஒருவரே அல்லர்.

இரண்டாவதாக, பெயரைச் சொல்லாமலே தேவையைச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். "இரைச்சலில் எனக்குப் பேச்சு சரியாகப் பிடிபடாது, முக்கியமானதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்." "அச்சு இயந்திரத்திலிருந்து தள்ளி எனக்கு இடம் கிடைக்குமா? கவனம் சிதறுகிறது." இவற்றில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை, பொய்யும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் இவ்விரண்டும் எனக்குக் கிடைத்தன.

மூன்றாவதாக, பெயரைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் அதைத் தனியே விட்டுவிடுவதில்லை. பெயரோடு சேர்த்து அது என்னிடம் எப்படி வெளிப்படுகிறது, அவர் என்ன செய்யலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்ற மூன்றையும் சொல்கிறேன். அண்ணனிடம் நான் விட்டுவிட்டவை இவைதாம். அலுவலகத்தை முழுக்கத் திறந்தவெளியாக மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தபோது என் மேலதிகாரியிடம் இப்படித்தான் சொன்னேன். மூலையில் ஓர் இடமும், காதொலிக் கருவி அணிய அனுமதியும் கேட்டேன். இரண்டையும் கொடுத்தார். அதற்குப் பின் வாடிக்கையாளர் சந்திப்புகளுக்கு என்னை அழைப்பது குறைந்தது. "நானும் வரேன்" என்று நானே போய்க் கேட்க வேண்டியிருந்தது. இப்போது அழைக்கிறார். சொல்வது ஒரு நாளில் முடிகிற காரியமன்று என்பதை அப்போது உணர்ந்தேன்.

நான்காவதாக, களைத்திருக்கும்போதோ அழுதுகொண்டிருக்கும்போதோ சொல்வதில்லை. அந்த நேரத்தில் யாரைப் பார்த்தாலும் நம்பிக்கைக்குரியவராகத்தான் தெரியும்.

உங்களிடம் ஒருவர் சொன்னால்

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் இருக்காது. ஆனால் ஒரு நாள் உங்களிடம் ஒருவர் வந்து சொல்லக்கூடும். "பார்த்தால் தெரியவே இல்லையே" என்று பாராட்டாதீர்கள்; தெரியாமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று தேற்றாதீர்கள். அவரைக் கேட்காமல் அவர் பொறுப்பைக் குறைக்காதீர்கள். அடுத்தவரிடம் சொல்லாதீர்கள், நல்லெண்ணத்தோடு கூட. என் அறைத்தோழி கேட்டதை மட்டும் கேளுங்கள்: "நான் என்னா செய்யணும்?"

என் பெயர் ஏன் இல்லை

இக்கட்டுரையை எழுதிய பிறகு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துப் படித்துக் காட்டினேன். அம்மா முழுவதும் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. பேரு போடப் போறியா?" என்றார். போடலாம் என்றிருக்கிறேன் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "தங்கச்சிக்கு இப்பத்தான் பேசிக்கிட்டிருக்கோம். மாப்பிள்ள வீட்டுல யாராச்சும் அங்க படிச்சவங்க இருப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆட்டிசத்தில் மரபின் பங்கு பெரிது என்பது உண்மைதான். ஆனால் அதனால் என் தங்கைக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை, இருந்தாலும் அதில் இழுக்கு இல்லை என்று வாதாட வாயெடுத்தேன். அம்மா மருத்துவமனை வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. மறுநாள் தங்கையிடமே கேட்டேன். "அவங்ககிட்ட நானே சொல்றேன்க்கா. ஆனா நான் சொல்றதுக்கு முன்னால புத்தகத்துல படிச்சு அவங்க தெரிஞ்சிக்கக் கூடாது" என்றாள்.

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. என் செய்தியை என்னிடம் கேட்காமல் அண்ணன் பிறருக்குச் சொன்னபோது எனக்கு வலித்ததே, அதே செயலை நான் என் தங்கைக்குச் செய்யலாமா? என் பெயர் என்னுடையதுதான். ஆனால் அதில் அப்பாவின் பெயரும் சேர்ந்திருக்கிறது, அது அவளுடையதும்கூட.

ஆகவே இவ்வாண்டு மலரில் என் பெயர் இல்லை. அந்த ஆண்டின் செயலவையில் இருந்தவர்கள் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள். அவர்களுக்குத் தெரிவதில் எனக்குத் தடையில்லை. உண்மையைச் சொன்னால், அவர்களுக்காகவும்தான் இதை எழுதினேன். அன்றிரவு மேசைமேல் விட்டுவந்த கோப்பில் கணக்கு சரியாகவே இருந்தது. உறுமிச் சத்தம்தான் தாங்கவில்லை.